புதுப்புது பியரைத் துரத்தித் துரத்தி ஏன் சலித்துப்போகிறது?

போன வசந்த காலத்தில் என் கல்லூரி ஜூனியர் ஒருவர் வேலை விஷயமாக பாஸ்டன் வந்திருந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். பியர் அடுக்கிய கண்ணாடிக் கதவுகள் ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தன. அதன் முன்னால் நின்றுகொண்டு, "அண்ணா, இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, நல்ல பியரா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதையே வாங்கிக்கலாம்" என்றார். என் போனில் 1,100-க்கும் மேல் பியர்களின் பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நான் போட்ட மதிப்பெண்ணோடு. ஆனால் அந்த நேரத்தில் ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. அதிக மதிப்பெண் கொடுத்தவற்றைத் தேடிப் பார்த்தேன். பாதிப் பெயர்களைப் பார்த்தால் குடித்த ஞாபகமே இல்லை, மீதிப் பாதி ஒரே ஒரு தடவை காய்ச்சி விற்று முடிந்துபோனவை, இனிமேல் எங்கேயும் கிடைக்காது. கடைசியில் ஜூனியரே ஏதோ ஒரு கேனைக் கையில் எடுத்தார்.

அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எனக்கு ஒரு அலுப்பு தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் இந்த வாரம் என்ன புதுசு என்று பார்ப்பது, பார்த்ததை வாங்கப் போவது, வாங்கியதைக் குடித்துப் பதிவு போடுவது, எல்லாமே ஆபீஸ் வேலை மாதிரி ஆகிவிட்டிருந்தது. பியர் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டதோ என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. இந்த அலுப்புக்குத் தெளிவான காரணங்கள் உண்டு, பலருக்கும் வருகிறது, பியரே குடிக்காதவர்களுக்கும் புரியக்கூடிய விஷயம்தான். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் கிராஃப்ட் பியர் என்றால் என்ன. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். அந்தச் சாற்றில் ஹாப்ஸ் என்கிற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டால் பியர். கசப்பும் மணமும் பெரும்பாலும் ஹாப்ஸிலிருந்து வருபவை. இதைச் சிறிய அளவில், தனக்கென்று ஒரு ருசியோடு, பெரிய மதுக் கம்பெனிகளின் பிடியில் இல்லாமல் செய்பவர்களின் பியரைத்தான் கிராஃப்ட் பியர் என்கிறார்கள். அமெரிக்காவில் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு இதற்கு ஒரு வரையறையே வைத்திருக்கிறது: வருடத்துக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் காய்ச்சக் கூடாது, கிராஃப்ட் அல்லாத மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஒரு பேரல் என்பது சுமார் 117 லிட்டர், அதனால் இந்த 'சிறிய' என்ற சொல் கொஞ்சம் தாராளமானதுதான். ஆனால் நான் பேசுகிற ப்ரூவரிகள் நிஜமாகவே சின்னவை, பத்து பேரல் தொட்டி இரண்டு மூன்று வைத்துக்கொண்டு ஓட்டுபவை.

1970களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க நூறு ப்ரூவரிகள்கூட இல்லை. கடையில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான லேசான லாகர் வகைப் பியர். அந்த நிலையில்தான் சிலர் தனியாகத் தொடங்கினார்கள். 1965-ல் ஃபிரிட்ஸ் மேடேக் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூடுகிற நிலையில் இருந்த ஆங்கர் ப்ரூவரியை வாங்கினார். 1976-ல் ஜாக் மெக்காலிஃப் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்று சின்னதாக ஒன்றை ஆரம்பித்தார். 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டில் பியர் காய்ச்சுவது தேசிய அளவில் குற்றமில்லை என்றானது. அடுப்படியில் காய்ச்சிக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு தொழிலுக்கு வந்தார்கள். 1980-ல் சியரா நெவாடா என்ற ப்ரூவரி தன் பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியரைக் காய்ச்சியபோது அதில் கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸின் கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் மாதிரியான பழம்) தோலின் மணம் தூக்கலாக இருந்தது, அது ஒரு தலைமுறையின் நாக்கையே மாற்றியது. இன்றைக்கு அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் ப்ரூவரிகள். இவர்கள் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு புதுப் பியர் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல ப்ரூவரிகள் அப்படித்தான் போடுகின்றன.

ஏன் போடுகிறார்கள் என்பதுதான் சுவாரசியமான இடம், ஏனென்றால் இதில் பாதி கலை, பாதி கணக்கு. பத்து பேரல் தொட்டி ஒன்றிலிருந்து சுமார் 1,170 லிட்டர் வரும். 473 மில்லி கேன்களில் அடைத்தால் நாலு கேன் கட்டுகளாக ஏறக்குறைய அறுநூறு. நல்ல பெயர் எடுத்த ப்ரூவரிக்கு இது ஒரே சனிக்கிழமையில் வாசலிலேயே விற்றுவிடும். ஏல் வகை ஈஸ்ட் இதமான சூட்டில் சீக்கிரம் புளிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தொட்டி காலியாகி அடுத்ததற்குத் தயார். லாகர் வகை குளிரில் மெதுவாகப் புளித்து, அப்புறம் இன்னும் குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் அதே தொட்டியில் ஐபிஏ என்ற, ஹாப்ஸ் தூக்கலான ஏலை இரண்டு தடவை போட்டு எடுத்துவிடலாம். அதோடு அதே மால்ட், அதே ஈஸ்ட், அதே தண்ணீர், ஹாப்ஸை மட்டும் சிட்ராவிலிருந்து மொசைக்குக்கு மாற்றினால் புதுப் பியர், புதுப் பெயர். அச்சடித்த கேன் வேண்டுமென்றால் மொத்தமாக ஆர்டர் கொடுக்க வேண்டும். வெறும் கேன் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த அறுநூறு கட்டுக்கென்றே தனி லேபிள் போட்டுவிடலாம். புதுசுக்குத்தான் வரிசை நிற்கிறது, பழையதை மறுபடி போட்டால் "இதைத்தான் குடித்தாயிற்றே" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். காய்ச்சுகிறவர்களும் இதில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

இந்தப் பழக்கத்துக்குப் பிரிட்டனில் ஒரு பழைய பெயர் உண்டு: டிக்கர்கள். ரயில் எஞ்சின் நம்பரைக் குறித்துவைப்பவர்கள் மாதிரி, தாங்கள் குடித்த ஒவ்வொரு பியரையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி டிக் அடித்துக்கொண்டு திருவிழா திருவிழாவாகப் போகிறவர்கள். நாமும் பட்டியலை டிக் அடிப்பது என்றுதானே சொல்கிறோம், அதே தான். 2010-ல் அன்டாப்ட் என்ற ஆப் வந்தபோது அந்த நோட்டு எல்லோர் பாக்கெட்டிலும் வந்து உட்கார்ந்தது. ஒரு பியர் குடித்தால் பதிவு போடலாம், ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரலாம், இத்தனை வகை குடித்தால் ஒரு பேட்ஜ், நண்பர்கள் பார்க்கலாம். அதே பியரை இரண்டாம் தடவை குடித்தாலும் பதிவு போடலாம்தான். ஆனால் தனித்தனி பியர்கள் எத்தனை என்று காட்டுகிற எண் நகராது. அந்த எண் நகராமல் இருப்பது எனக்குள் எதையோ அரித்தது. இதை யாரும் என்னிடம் வற்புறுத்தவில்லை, நானே விரும்பித்தான் செய்தேன், ஆனால் பாரில் நின்று எதை ஆர்டர் செய்வது என்று தீர்மானித்தது பல வருடங்களாக அந்த எண்தான்.

கிடைக்காத பியர்களைத் தேடுவது இதன் உச்சம். அபூர்வமான பியரை இந்த வட்டாரத்தில் திமிங்கிலம் என்பார்கள். பெல்ஜியத்தில் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்விளெட்டரன் 12 அப்படி ஒன்று. 2005-ல் ரேட்பியர் என்ற தளத்தில் உலகின் சிறந்த பியர் என்று வந்த பிறகு அந்த மடத்தின் வாசலுக்குக் கூட்டம் வந்தது. துறவிகளோ மடத்துச் செலவுக்குத் தேவையான அளவுக்கு மேல் காய்ச்சவில்லை; போனில் முன்பதிவு செய்து, வண்டி நம்பரைக் கொடுத்து, குறித்த நேரத்தில் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் நிலைகுலையாமல் இருந்தது எனக்கு இன்னும் மரியாதைக்குரிய விஷயம்.

சரி, இப்போது சலிப்புக்கு வருவோம். எனக்குத் தெரிந்து இதில் மூன்று நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சுற்றிக்கொள்கின்றன, அவற்றில் முதலாவது மூளை. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தால் குரங்கின் மூளையில் டோப்பமீன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் துள்ளும். சாறு வருவதற்கு முன் ஒரு சமிக்ஞை காட்டிப் பழக்கினால், கொஞ்ச நாளில் அந்தச் செல்கள் சமிக்ஞையைப் பார்த்தவுடனேயே துள்ளிவிடும். சாறு வரும்போது சும்மா இருக்கும். என் வாழ்க்கையில் நடந்ததை இதைவிட நன்றாக யாரும் விளக்கியதில்லை. புதுப் பியர் வருகிறது என்ற அறிவிப்பு போனில் வரும்போது ஒரு துடிப்பு, வரிசையில் நிற்கும்போது துடிப்பு, வீட்டுக்குக் கொண்டுவந்து கேனைத் திறக்கும்போது பாதிக்கு மேல் முடிந்துபோயிருக்கும். குடிப்பது வெறும் ரசீது வாங்குவது மாதிரி. நாலு கேனில் ஒன்றைக் குடித்துப் பதிவு போட்டாயிற்று, மீதி மூன்று? அவை ஃபிரிட்ஜின் பின்வரிசைக்குப் போகும். கலங்கலான ஐபிஏ வகைக்கு ஆயுள் குறைவு, காற்றுப் பட்டு ஹாப்ஸின் மணம் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும், நிறம் பழுப்படிக்கும். எத்தனை கேன்களை நான் சிங்க்கில் ஊற்றியிருக்கிறேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. யாரோ அதிகாலையில் எழுந்து காய்ச்சியது அது.

இரண்டாவது நாக்கு. ரஷ்யன் ரிவர் ப்ரூவரியின் வின்னி சிலுர்சோ 1994-லேயே டபுள் ஐபிஏ (ஹாப்ஸும் ஆல்கஹாலும் இன்னும் கூடிய ஐபிஏ) காய்ச்சியவர், ஹாப்ஸை அவரைவிட அதிகம் நேசித்தவர்கள் குறைவு. அவரே இதற்கு ஒரு பெயர் வைத்தார்: லுப்புலின் எல்லை நகர்தல். லுப்புலின் என்பது ஹாப்ஸ் பூவுக்குள் இருக்கும் மஞ்சள் பொடி, கசப்பும் மணமும் அதில்தான். முதலில் ஒரு பேல் ஏல் கசக்கும். ஆறு மாதத்தில் அது கசக்காது, ஐபிஏ வேண்டும். அப்புறம் டபுள், அப்புறம் ட்ரிபிள். காரம் தின்று பழகியவர்களுக்கு வீட்டுக் குழம்பு சப்பென்று ஆவது மாதிரிதான். அதே சமயம் மதிப்பெண் பட்டியல்களும் இந்தப் பக்கமே தள்ளுகின்றன. ஐந்து பேர் சேர்ந்து ஒரு கேனைப் பிரித்து ஆளுக்கு இரண்டு வாய் குடித்தால் எது ஜெயிக்கும்? பத்து பன்னிரண்டு சதவீத ஆல்கஹாலும் வெனிலாவும் சாக்லெட்டும் போட்ட ஸ்டவுட் என்ற கருப்புப் பியர் ஜெயிக்கும். முழு டம்ளர் குடித்து முடித்து இன்னொன்று கேட்க வைக்கிற லாகரின் நல்ல குணம் இரண்டு வாயில் தெரியவே தெரியாது, அதனால் பட்டியலின் மேல்வரிசையில் அதைப் பார்ப்பது அரிது. நாம் அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கினால், எப்போதும் உரக்கப் பேசுகிற பியர்களையே குடித்துக்கொண்டிருப்போம், காது கிழிந்துபோகும்.

மூன்றாவது உடம்பு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 5 சதவீத பியர் 355 மில்லி. 8 சதவீத டபுள் ஐபிஏ 473 மில்லி கேன் ஒன்று அதைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல். 'ரெண்டே கேன்தான்' என்று நான் சொன்ன இரவுகள் உண்மையில் நாலுக்கு மேல். அதோடு வகைவகையாக இருந்தால் நாம் அதிகம் உள்ளே தள்ளுவோம். ஒரே ருசி சீக்கிரம் திகட்டும், ருசி மாறினால் திகட்டல் தள்ளிப்போகும் என்று பார்பரா ரோல்ஸும் மற்றவர்களும் 1980களின் தொடக்கத்திலேயே சாப்பாட்டை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். அதனால் உங்களுக்கு வந்திருக்கிற அலுப்பு, கொஞ்ச நாள் போதும் என்று உடம்பு சொல்வதாகவும் இருக்கலாம். அப்படித் தோன்றினால் கேட்டுவிடுங்கள், எந்தப் பியரும் அதைவிட முக்கியம் இல்லை.

இவையெல்லாம் இருந்தாலும், என்னைப் பொறுத்தவரை ஆழமான காரணம் வேறு. எப்போதும் புதுசையே குடிக்கிறவர் எப்போதும் முதல் டம்ளரையே குடிக்கிறார். முதல் டம்ளரில் ஒரு பியர் மற்றதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பது மட்டும்தான் தெரியும். அது என்ன என்பது பத்தாவது டம்ளரில்தான் தெரிய ஆரம்பிக்கும். ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் காலையில் ஒரு புதுக் காபி வேண்டும் என்று நம் வீடுகளில் யாரும் கேட்டதில்லை. இருபது வருடமாக ஒரே கடைத் தூள், ஒரே ஃபில்டர். அதனால்தான் டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியாக இறங்கினாலோ, சிக்கரி ஒரு பங்கு கூடினாலோ, பால் மாறினாலோ முதல் வாயிலேயே அம்மா சொல்லிவிடுவார். ஆயிரம் கடையில் ஆயிரம் காபி குடித்த ஒருவருக்கு அது தெரியாது. இந்த நுண்மை எனக்குக் காபியில் இருந்தது, 1,100 பியர் குடித்தும் பியரில் இல்லை. அதைத்தான் நான் இழப்பாக உணர்ந்தேன், களைப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

செக் நாட்டைப் பற்றிப் படித்தபோது இது இன்னும் தெளிவாகியது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் உலகிலேயே அதிகம் பியர் குடிப்பவர்கள் அவர்கள், ஆனால் பல பழைய பப்களில் ஒரே ப்ரூவரியின் பியர்தான் கிடைக்கும். 1842-ல் பில்சன் நகரத்தில் யோசெஃப் க்ரோல் முதன்முதலாகக் காய்ச்சிய பொன்னிற லாகரை இன்றைக்கும் குடிக்கிறார்கள். அவர்களுடைய ரசனை எல்லாம் அந்த ஒன்றை எப்படி ஊற்றுவது என்பதில் இறங்கியிருக்கிறது. ஹ்லாடின்கா என்றால் மூன்று விரல் நுரையோடு, ஷ்னிட் என்றால் நுரை அதிகம், ம்ளீக்கோ என்றால் ஏறக்குறைய டம்ளர் முழுக்க ஈரமான, இனிப்பான நுரை, பால் மாதிரி. ஒரே தொட்டி, ஒரே குழாய், மூன்று அனுபவம். புதுமை வேண்டும் என்ற ஆசை அங்கேயும் இருக்கிறது, அது உள்நோக்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

புதுசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாராவது தேடிப் போகாமல் இருந்திருந்தால் வெர்மான்ட் மாநிலத்தின் ஹெடி டாப்பர் என்ற ஐபிஏ வாட்டர்பெரி என்ற அந்தச் சின்ன ஊரைத் தாண்டியிருக்காது. 2011-ல் ஐரீன் புயல் வெள்ளம் அதைக் காய்ச்சிய பப்பை அழித்தது, அதே சமயத்தில் அவர்கள் கேனில் அடைக்கத் தொடங்கினார்கள், மக்கள் மாநிலம் மாநிலமாக வண்டி ஓட்டி வந்து வாங்கினார்கள், கலங்கலான ஐபிஏ என்ற வகையே அந்தத் தேடலில்தான் பரவியது. இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஒரு வருடம், இரண்டு வருடம் நன்றாகச் சுற்றுங்கள். கோதுமை பியர், போர்ட்டர், புளிப்பு வகை, ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகைமணப் பியர் என்று எல்லாம் ருசி பாருங்கள், உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிய அது தேவை. புகைமணப் பியரைக் குடிக்கும்போது மட்டும் ஒரு வாயோடு வைத்துவிடாதீர்கள், இரண்டாவது டம்ளரில்தான் அது புகையைத் தாண்டி மால்ட்டைக் காட்டும்.

ஆனால் பிடித்த பியர் எதிரில் இருக்கும்போது பிடிக்குமா என்று தெரியாத ஒன்றைக் கேட்கிறீர்கள், குடிப்பதற்கு முன்பே போனை எடுக்கிறீர்கள், போன வாரம் குடித்தது நினைவில்லை என்றால், தேடல் தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். இந்த அலுப்பு தனிப்பட்ட ஆட்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2019-ல் ஸ்டீஃபன் போமான்ட், ஜே புரூக்ஸ் என்ற இரண்டு பியர் எழுத்தாளர்கள் பிப்ரவரி மாதத்தை ஒவ்வொரு ப்ரூவரியின் அடையாளப் பியரைக் குடிப்பதற்கென்று ஒதுக்கச் சொல்லி ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். எல்லோரும் புதுசின் பின்னால் ஓடியதில் அந்த ப்ரூவரிகளை உருவாக்கிய பியர்களே அலமாரியில் கவனிப்பாரில்லாமல் போயின. அமெரிக்காவில் ப்ரூவரிகள் திறப்பதைவிட மூடுவது அதிகமாக இருந்த வருடம் 2024, அதனால் இது வெறும் ரசனைப் பிரச்சினை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

நான் செய்தது எளிமையானது. ஆப்பை எடுத்துவிட்டேன். மதிப்பெண்களை ஒரு கோப்பில் சேமித்தேன், அழிக்க மனம் வரவில்லை. மெய்ன் மாநிலத்து அல்லகாஷ் ஒயிட்டை ஒரு மாதம் குடித்தேன், வாரத்துக்கு இரண்டு. 1995-ல் அந்த ப்ரூவரி முதன்முதலில் காய்ச்சிய பியர், இன்னும் அவர்களுடைய முக்கியமான பியர் அதுதான். கோதுமையும், கொத்தமல்லி விதையும், காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டது. அதை நான் பல வருடம் முன்பே குடித்து 3.75 போட்டுவிட்டுக் கடந்துவிட்டிருந்தேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை, சொல்லப்போனால் போரடித்தது, கை போனைத் தேடியது. இரண்டாம் வாரம் பியரின் குளிர்ச்சி கொஞ்சம் விட்டபிறகு குடித்தபோது கொத்தமல்லி தனியாகத் தெரிந்தது. மீன் வறுவலோடு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை. மூன்றாம் வாரத்தில் கடைக்குள் நுழைந்தபோது சுவர் நீள அலமாரியை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன்.

அப்புறம் லாகருக்குப் போனேன். ஃப்ரேமிங்ஹாமில் ஜாக்ஸ் ஆப்பி என்று லாகரையே முக்கியமாகக் காய்ச்சும் ப்ரூவரி இருக்கிறது, 2011-ல் மூன்று சகோதரர்கள் தொடங்கியது. சேலத்தில், நம்ம ஊர் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலத்தில், நாட்ச் என்று இன்னொன்று, செக் முறையில் குழாய் வைத்து ஊற்றுகிறார்கள். இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பப்பில் வியாழக்கிழமைகளில் ஒரே பில்ஸ்னர் (பில்சன் பாணி லாகர்), அரை லிட்டர், சில நாள் அதோடு சரி. நான் உட்கார்ந்தவுடனே ஊற்றத் தொடங்கிவிடுகிறார்கள், நுரை அடங்கக் காத்திருந்து மறுபடி ஊற்றுவதால் சில நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவேன்.

போன மாதம் ஒரு வியாழன் முதல் வாய் குடித்ததும் நிறுத்தினேன். கசப்பு அதேதான், ஆனால் மணம் கொஞ்சம் பச்சையாக, அப்போதுதான் வெட்டிய புல் மாதிரி இருந்தது. ஊற்றியவரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தொட்டியிலிருந்துதான் புது அறுவடை ஹாப்ஸ் போட்டிருக்காங்க, உங்களோட சேர்த்து ரெண்டு பேர்தான் இதுவரைக்கும் கேட்டீங்க" என்றார். இன்னொரு ஆள் யார் என்று கேட்டேன். பாரின் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைக் காட்டினார், பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலியில் அதே பியர் குடிப்பவராம். டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.